பீகிளா, காக்கர் ஸ்பேனியலா? ராமநாதபுரம் கடற்கரை வீட்டுக்கு எந்த நாய்

பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் புது வீடு. கணவர் வெளிநாட்டில். நீங்கள் பள்ளி ஆசிரியை, காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஐந்தாகிவிடும். வீட்டில் மூட்டுவலியோடு மாமியார், நான்காம் வகுப்பில் ஒரு பையன், யூகேஜியில் ஒரு பெண். காம்பவுண்ட் சுவர் மூன்று பக்கம் எழும்பிவிட்டது, பின்பக்கம் மட்டும் இன்னும் முள்வேலி. போர் தண்ணீர் உப்பு. பீகிள் வாங்கலாமா, காக்கர் ஸ்பேனியல் வாங்கலாமா, ஆணா பெண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே தேடினாலும் இரண்டையும் "பிள்ளைகளோடு பழகும், நடுத்தர அளவு" என்றுதான் போட்டிருக்கும். அதனால்தான் குழம்பியிருக்கிறீர்கள். பகல் முழுக்க ஒரு பெரியவரோடு இருக்கப்போகிற, உப்புக் காற்றில் வளரப்போகிற நாய்க்கு எந்த உடம்பும் எந்தக் குணமும் தோது, அதற்காக நீங்கள் எவ்வளவு வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். இந்த மாவட்டத்தில் ஆடு, மாடுகளோடு ஆரம்பித்த தொழில், இப்போது பாதி நேரம் நாய்களோடு போகிறது. வளைகுடாவிலிருந்து பணம் வர வர, தேவிபட்டினம் முதல் ராமேஸ்வரம் வரை வீட்டுக்கு ஒரு சாதி நாய் என்று ஆகிவருகிறது. பீகிளும் காக்கரும் என்னிடம் தொடர்ந்து வருகின்றன. கீழே எழுதுவதில் சில விஷயங்கள் மருத்துவப் படிப்பில் உறுதியானவை, சில இந்தக் கரையில் நான் பார்த்து வைத்திருக்கிற கணிப்பு. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு குட்டியைக் கண்ணால் பார்க்காமல், அதன் தாயைப் பார்க்காமல், அந்தக் குட்டி எப்படி வளரும் என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. இனத்தைப் பற்றிச் சொல்லலாம், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்தால் பீகிள் முன்னால் நிற்கும். சாதாரணமாக 33 முதல் 40 சென்டிமீட்டர் உயரம், பத்து கிலோவை ஒட்டிய எடை, ஒட்டி நிற்கிற குட்டை முடி. காக்கரில் இங்கிலீஷ் வகை 38 முதல் 41 சென்டிமீட்டர், 12 முதல் 15 கிலோ வரை போகும். கால், வயிறு, காது எல்லாம் நீள முடி. அமெரிக்கன் வகை இன்னும் கொஞ்சம் சின்னது, ஆனால் முடி அதைவிட அடர்த்தி. இங்கே விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை, "காக்கர்" என்று பொதுவாகச் சொல்லி விற்றுவிடுவார்கள். குட்டியின் தாய் தகப்பனைப் பார்த்து, தலை உருண்டு, மூக்கு குட்டையாக, வயிற்றுமுடி தரையைக் கூட்டுகிற மாதிரி இருந்தால் அது அமெரிக்கன் பக்கம் சாய்ந்தது. அதை நம் ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தப் பதிலில் காக்கர் என்று நான் சொல்வதெல்லாம் இங்கிலீஷ் வகைதான்.

வெயிலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நம் கரையில் வெயிலோடு சேர்ந்து ஈரப்பதமும் ஆளை வாட்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். நாக்கிலும் வாயிலும் இருக்கிற ஈரம் காற்றில் காய்ந்தால்தான் சூடு குறையும். காற்றே ஈரமாக இருந்தால் எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு. அதனால் பரமக்குடியில் 38 டிகிரியில் சமாளிக்கிற நாய், கடலோரத்தில் காற்று நின்றுபோன ஒரு புழுக்கமான மதியத்தில் 34 டிகிரியிலேயே திணறும். இது பீகிளுக்கும் பொருந்தும், காக்கருக்கும் பொருந்தும். காக்கருக்குக் கொஞ்சம் கூடுதல், முடியால். இரண்டுக்குமே பங்குனியிலிருந்து ஆவணி வரை காலை ஏழு மணிக்குள், மாலை ஆறுக்குப் பிறகு மட்டும் நடை. தரை சுடுகிறதா என்று உங்கள் புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட். 105-ஐத் தாண்டி, நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வண்டி தேடி அலையாதீர்கள். முதலில் நிழலில் போட்டு உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், அப்புறம் கிளம்புங்கள். உங்கள் இடத்திலிருந்து ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் அந்தச் சூடு மூளையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும். இந்த ஒன்றை மாமியாருக்கும் பையனுக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.

இதில் ஒரு இடைச்செருகல். ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட் போன்றவை இந்தச் சூட்டுக்குச் சரிப்படாது என்று 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையே சொன்னது. நீங்கள் கேட்ட இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. யாராவது "அதே விலைக்கு ஹஸ்கி தருகிறேன்" என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அடுத்தது காது. காக்கர் பற்றிய எந்தப் பேச்சும் இங்கேதான் வந்து நிற்கும். தொங்குகிற கனத்த காது, உள்ளே முடி, மெழுகு சுரப்பதும் மற்ற இனங்களைவிட அதிகம். இதெல்லாம் படிப்பில் உறுதியானவை. அதோடு நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் காதுக்குள் பூஞ்சை வளர எல்லாம் தயார். என்னிடம் வருகிற காக்கர்களின் காதுமடலைத் தூக்கியவுடன் முதலில் மூக்குக்குத்தான் தெரியும், புளித்த மாவு வாடை. அப்புறம் பார்த்தால் உள்மடிப்பில் காப்பிப்பொடி நிறத்தில் பிசுபிசுப்பு, ஓரம் சிவந்திருக்கும், விரலை வைத்து லேசாக அழுத்தினால் பின்னங்கால் தானாகத் துடிக்கும். அந்தக் கட்டத்தில் வந்தால் இரண்டு மூன்று வாரச் சொட்டு மருந்தில் போய்விடும். "தலையை ஆட்டிக்கிட்டே இருக்கு, சரியாயிடும்னு விட்டுட்டோம்" என்று ஆறு மாதம் கழித்து வருபவர்களின் நாய்களுக்குக் காதுக்குழாய் தடித்து அடைத்துப்போயிருக்கும். அப்புறம் ஆயுசுக்கும் மருந்து, சிலதுக்கு அறுவை சிகிச்சை.

பீகிளுக்கும் தொங்கு காதுதான். அதற்கும் இது வரும், ஆனால் முடி குறைவு, உள்ளே காற்று போகும், வந்தாலும் சீக்கிரம் கண்ணில் படும். காது விஷயத்தில் காக்கருக்கு வாரம் ஒருநாள் நிரந்தர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற காது கழுவும் திரவத்தை ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து பிசைந்து, நாய் தலையை உதறியதும் பஞ்சால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் துடைத்தால் போதும். பட்ஸ் விடாதீர்கள், அழுக்கை உள்ளே தள்ளும். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். சோறு வைக்கும்போது குறுகலான வாய் உள்ள கிண்ணத்தில் வைத்தால் காது சாப்பாட்டில் நனையாது. பிள்ளைகள் கடலில் இறக்கிவிட்டால், நல்ல தண்ணீரில் அலசி, காதைத் துடைத்துக் காயவிட வேண்டும்.

தண்ணீர் என்றதும் உங்கள் போர் ஞாபகம் வருகிறது. உப்புத் தண்ணீரில் குளித்த காக்கரின் முடி காய்ந்து, சிக்கு விழுந்து, அடியில் தோல் அரிக்க ஆரம்பிக்கும். இதை ஆராய்ச்சி முடிவு என்று சொல்ல மாட்டேன், இங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம். குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற வீடுகள் நம் பக்கம் உண்டு. அப்படியிருக்க நாயை முழுக்க நல்ல தண்ணீரில் குளிப்பாட்டச் சொல்ல மாட்டேன். போர் தண்ணீரில் குளிப்பாட்டி, கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரை மேலே ஊற்றி உப்பை இறக்கிவிட்டால் போதும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டினாலே அதிகம். பீகிளுக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டால்கூடச் சமாளிக்கலாம். ஆனால் குட்டை முடிதானே, கொட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். பீகிள் வருடம் முழுக்க முடி உதிர்க்கும், சோபாவில் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நிற்கும்.

முடியில் இன்னொரு தொல்லை முள். நம் மணலில் நெருஞ்சி, ஒட்டுப்புல், எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல். காக்கர் ஒரு நடை போய்வந்தால் விரலிடுக்கிலும் அக்குளிலும் அள்ளிக்கொண்டு வரும். புல்லின் கூர்விதை விரலிடுக்கில் ஏறி உள்ளேயே நகர்ந்து சீழ் பிடிப்பதும் உண்டு. தினமும் பத்து நிமிஷம் சீப்பு போட்டு விரலிடுக்கைப் பார்த்தாக வேண்டும். இதற்கு எளிதான வழி முடியைக் குறைத்துவிடுவது. கண்காட்சிக்கா கொண்டுபோகப் போகிறோம்? ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்க விரல்கடை நீளத்துக்கு வெட்டி, காதின் உள்பக்கமும் பாதத்தின் அடியும் ஒட்டக் கத்தரித்துவிட்டால் வேலை பாதியாகும். தோல் தெரிய மழித்துவிடக் கூடாது, வெயில் நேரடியாகத் தோலைச் சுடும்.

உண்ணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் உண்ணியைக் கொல்லும் குளிர்காலமே கிடையாது, வருடம் முழுக்க இருக்கும். சுவர் விரிசலிலும் ஓலைக் கொட்டகையிலும் முட்டையிட்டு, ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்து, திரும்ப நாய்மேல் ஏறும். அது கொண்டுவருகிற எர்லிக்கியா, பபீசியா இரண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கிற நோய்கள். காய்ச்சல், சாப்பாட்டில் நாட்டமில்லாமை, வெளிறிய ஈறு, சிலதுக்கு மூக்கிலிருந்து ரத்தம். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை நாலு வாரம் கொடுத்தாக வேண்டும், நாய் தெளிந்துவிட்டது என்று பத்து நாளில் நிறுத்தினால் திரும்ப வரும். பீகிளின் குட்டை முடியில் உண்ணி கையில் தட்டுப்படும், காக்கரில் காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது உண்ணிக்கு மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கொடுக்கிற மெல்லும் மாத்திரைகள் வந்துவிட்டன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அந்த மருந்து வகைக்கு, வலிப்பு உள்ள நாய்களிடம் கவனம் தேவை என்று 2018-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பீகிள் இனத்தில் பரம்பரை வலிப்பு அறியப்பட்ட விஷயம். எல்லாப் பீகிளுக்கும் வரும் என்று அர்த்தமில்லை. தாய் தகப்பனுக்கு வலிப்பு உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள், குட்டிக்கு ஒரு தடவையாவது வெட்டியிழுத்திருந்தால் மாத்திரை எழுதும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதுவரை படித்தால் பீகிள்தான் என்று முடிவுக்கு வந்திருப்பீர்கள். பொறுங்கள், குணத்துக்கு வருகிறேன். என் முடிவை மாற்றுவது இதுதான்.

பீகிள் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்க்கப்பட்ட மோப்ப நாய். அதனால் அதற்கு மூன்று குணங்கள் ரத்தத்திலேயே உண்டு. மூக்கு போன பக்கம் கால் போகும். தனியாக இருக்கப் பிடிக்காது. தடம் கிடைத்தாலோ தனிமை தாங்காவிட்டாலோ தொண்டையைத் திறந்து நீளமாக ஊளையிடும், அது நாலு வீடு தள்ளிக் கேட்கும். இந்த நாயை நம் கடற்கரைக் கிராமத்தில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? பெங்களூர் அடுக்குமாடியில் அதன் மூக்குக்கு வேலையே இல்லை. இங்கே கருவாடு காயப்போட்ட களம், கரைவலை இழுத்த இடத்தில் கழித்துப்போட்ட மீன், நண்டு வலை உதறிய குப்பை, ஆட்டுப்பட்டி, கோழி, மயில் என்று எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரு வாடை வரும். உங்கள் பின்பக்க முள்வேலி பீகிளுக்கு வேலியே அல்ல, மணலைப் பறித்து அடியில் புகுந்துவிடும். பாம்பன் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற ஒரு பீகிள், களத்தில் விரித்திருந்த நெத்திலிக் கருவாட்டை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து சேர்ந்தது. வயிறு பானை மாதிரி, உப்புக்குத் தண்ணீர் குடித்துக் குடித்து வாந்தி, இரண்டு நாள் டிரிப். கருவாட்டுக்காரருக்குக் கொடுத்த பணம் என் பில்லைவிட அதிகம் என்று அந்த வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கருவாட்டோடு போனால் சிரிக்கலாம், பேத்தை மீன் என்றால் முடியாது. வலையில் சிக்கி வேண்டாமென்று கரையில் எறிகிற அந்த உப்பிய மீனின் ஈரல், முட்டை, தோலில் உள்ள நஞ்சு நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கெளுத்தியின் முள் தொண்டையில் குத்திக்கொண்டு வருவது அதைவிடச் சாதாரணமாக நடப்பது. கண்டதை வாயில் போடுவது எல்லா நாய்க்கும் உண்டு, காக்கரும் விதிவிலக்கல்ல. ஆனால் சாப்பாட்டு ஆசையில் பீகிளை மிஞ்ச ஆளில்லை. அதே ஆசையால் வீட்டுக்குள்ளேயே தின்று குண்டாகிவிடும். மாமியார் பாசத்தில் கையிலிருந்து இட்லி கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரே வருஷத்தில் பதினைந்து கிலோ தாண்டிவிடும், அப்புறம் முதுகெலும்பு வட்டு பிதுங்கிக்கொண்டு வந்து நிற்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தை, மாசி, பங்குனியில் நம் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள், பங்குனி ஆமை என்பார்களே, அவை ராத்திரியில் ஏறி மணலில் முட்டையிடும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. அந்த ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பாதுகாக்கப்பட்ட உயிர். மோப்ப நாய் ஒன்றை அதிகாலையில் அவிழ்த்துவிட்டால் முதலில் தோண்டுவது அந்தக் குழியாகத்தான் இருக்கும். எந்த நாயானாலும் அந்த மாதங்களில் கடற்கரையில் பெல்ட்டோடுதான் போக வேண்டும். பீகிள் என்றால் வருடம் முழுக்கப் பெல்ட்.

காக்கரும் வேட்டை நாய் வழிதான். புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்ப வளர்க்கப்பட்டது. ஆனால் துப்பாக்கிக்காரனுக்குப் பக்கத்திலேயே, அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தது. அதனால் அதற்கு ஆளைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. கூப்பிட்டால் வரும், சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும், நீங்கள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். பகலில் மாமியார் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடக்க அதற்குப் பரிபூரண சம்மதம். குரல் உண்டு, ஆனால் ஊளை கிடையாது. மென்மையான நாய், அதட்டினால் சுருங்கிவிடும், அடித்தால் கெட்டுவிடும். தனிமை இதற்கும் ஆகாது. நல்லவேளை, உங்கள் வீட்டில் பகலில் ஆள் இருக்கிறார். இரண்டு நாய்க்கும் தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டம், நடை வேண்டும் என்பதில் வித்தியாசமில்லை. ஆனால் ஒருநாள் உங்களுக்கு நடக்க முடியாமல் போனால், காக்கருக்குப் பையன் முற்றத்தில் பந்து எறிந்தே அந்த நாளைக் கடத்திவிடலாம். பீகிளுக்குப் பந்து பத்து நிமிஷத்தில் சலித்துவிடும், வேலிப்பக்கம் போய்த் தோண்ட ஆரம்பிக்கும்.

காக்கர் பற்றி ஒரு பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது, நீங்களும் கேட்டிருக்கலாம். திடீரென்று வெறி வந்த மாதிரி கடிக்கும், ஒரே நிறக் காக்கர் என்றால் இன்னும் மோசம் என்பார்கள். ஒரே நிற நாய்களில் இந்தக் குணம் கொஞ்சம் கூடுதல் என்று வெளிநாட்டு ஆய்வுகளில் பேச்சு உண்டு. ஆனால் அது தனி நோயா, இல்லை வலியாலும் வளர்ப்பாலும் வருவதா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. நான் பார்த்தவரை "காரணமே இல்லாமல் கடித்தது" என்று கொண்டுவரப்பட்ட காக்கர்களில் பலவற்றுக்குக் காதுக்குள் புண் இருந்தது. வலிக்கிற காதைக் குழந்தை பிடித்து இழுத்தால் எந்த நாயும் கடிக்கும். இன்னொரு காரணம், சாப்பிடும்போதும் எலும்பு கடிக்கும்போதும் அது உறுமுவதைச் சின்ன வயதிலேயே கவனிக்காமல் விடுவது. உங்கள் பெண்ணுக்கு இரண்டு சட்டம் போடுங்கள்: நாய் சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது, காதைப் பிடிக்கக் கூடாது. பீகிளுக்கும் அதே சட்டம்தான்.

நோய்கள் என்று பார்த்தால் இரண்டுமே சுத்தமில்லை. காக்கருக்குக் கண்: விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போவது, கண் அழுத்தம், கண்ணீர் வறட்சி. தோலில் எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சையும் வரும். தன் ரத்த அணுக்களைத் தன் உடம்பே அழிக்கிற சோகை இந்த இனத்தில் மற்றவற்றைவிட அதிகம். பீகிளுக்குச் சொன்ன வலிப்பு, வட்டு, எடையோடு தைராய்டு குறைபாடும் உண்டு. குட்டிகளில் கண்ணோரம் சிவப்பாக ஒரு சதை பிதுங்குவது இரண்டிலும் பார்க்கலாம், சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டும் 12 வயதைத் தாண்டும். மொத்தச் செலவில் காக்கர் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், முக்கியமாகக் காதும் முடிவெட்டும்.

என் சிபாரிசு காக்கர். இந்தக் கரைக்குப் பீகிளின் உடம்பு ஒத்துவரும், குணம் ஒத்துவராது, காக்கருக்கு நேர்மாறு. முடியை வெட்டலாம், மூக்கை வெட்ட முடியாதே. ஆனால் ஒரு நிபந்தனை. வாரம் ஒரு காது, தினம் ஒரு சீப்பு என்கிற வேலையை வீட்டில் ஒரு ஆள் பெயர் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள், காது சீழ் வைத்துத்தான் என்னிடம் வரும். உங்கள் நாளில் அந்தப் பதினைந்து நிமிஷம் நிச்சயமாக இல்லை என்று தோன்றினால் காக்கரைத் தொடாதீர்கள். அப்படியானால் பின்பக்கச் சுவரை, அடியில் ஒரு அடி ஆழத்துக்கு அஸ்திவாரம் இறக்கிக் கட்டி முடித்துவிட்டு, காலையும் மாலையும் நடத்திக்கொண்டுபோக ஆள் இருந்தால் பீகிள் வாங்குங்கள். இரண்டுமே முடியாது என்றால் இரண்டும் வேண்டாம். தெருவில் பிறக்கிற நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்த்தால் இந்த வெயிலையும் காதையும் பற்றிப் பாதி கவலை குறையும். சாதி நாய்தான் வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை, இதையும் ஒரு வழியாகச் சொல்லி வைக்கிறேன்.

மாமியார் விஷயத்தில் ஒன்று. பின்னாலேயே வருகிற நாய் என்றேனே, அது மூட்டுவலிக்காரரின் காலுக்குள் புகுந்து தடுக்கிவிடும் நாயும்தான். முதல் ஆறு மாதம் குட்டியின் கழுத்தில் சின்ன மணி கட்டிவிடுங்கள், எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் சமையலறையில் நிற்கும்போது குட்டி வாசலுக்கு வெளியே இருக்கப் பழக்குங்கள். நடைக்குக் கூட்டிப்போகிற வேலையை அவரிடம் விடாதீர்கள், 14 கிலோ நாய் ஒரு பூனையைப் பார்த்து இழுத்தால் அவர் கீழே விழுவார்.

வாங்குகிற காலத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் குட்டி வாங்காதீர்கள், மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிற பயணமே அதைச் சுருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேண்டாம், தண்ணீர் தேங்கி எலிக்காய்ச்சல் வருகிற பருவம் அது. தை பிறந்ததும் வாங்கினால் குட்டிக்கு இரண்டு மூன்று மாதம் இதமான காற்று கிடைக்கும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் விதியே இருக்கிறது. "இன்னும் பால்குடி மறக்கவில்லை, அதான் அழகு" என்று முப்பது நாள் குட்டியைக் கொடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். தாயை நேரில் பாருங்கள். அதன் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், கண் தெளிவாக இருக்கிறதா, புது ஆள் கை வைத்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள். கென்னல் கிளப் பதிவுச் சான்று பரம்பரையைச் சொல்லும், ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் தராது.

தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, நாலு மாத வயது வரை முடிக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு உள்ளதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், அப்புறம் வருஷம் தவறாமல். வீட்டு நாயோ தெருநாயோ, பிள்ளைகளைப் பல் கீறினால்கூட உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் பக்கம் மணலில் சுருட்டை விரியன் உண்டு. இரண்டு இனமுமே எதிலும் மூக்கை நுழைக்கும், அதனால் முகம் திடீரென்று ஒரு பக்கம் வீங்கினால் தேனீ என்று நினைத்துக் காத்திருக்காமல் கிளம்பி வாருங்கள். மனிதருக்குப் போடுகிற பாம்புக்கடி மருந்து நாய்க்கும் வேலை செய்யும்.

கடைசியாக, ஆணா பெண்ணா. குணத்தில் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள் உள்ள வித்தியாசம் அதைவிட அதிகம். ஆண் என்றால் பருவத்துக்கு வந்ததும் காம்பவுண்ட் முழுக்கக் காலைத் தூக்கும், தெருவில் பெண் நாய் பருவத்துக்கு வந்தால் வேலியைப் பிய்க்கும். பெண் என்றால் சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் கதவைச் சாத்திக் காவல் காக்க வேண்டும், அந்த மூன்று வாரமும் தெருநாய்கள் உங்கள் கேட்டில் பந்தல் போடும். குட்டி போட வைக்கும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள், பெண் நாய்க்குப் பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுகிற ஆபத்தும் போய்விடும். எந்த மாதத்தில் செய்வது என்பதைக் குட்டியின் எடையையும் வளர்ச்சியையும் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். செய்த பிறகு பசி கூடும், சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். உங்கள் பின்பக்கச் சுவர் முடிய இன்னும் நாளாகும் என்றால், பெண் குட்டியாக எடுத்து வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது உங்களுக்குச் சுலபம்.